பாராகிளைடிங்

துணியாலான இறக்கையை மாட்டிக்கொண்டு மலைச்சரிவில் ஓடி, எஞ்சின் இல்லாமல் பறக்கும் சாகச விளையாட்டு. இறக்கைக்கு விறைப்பான சட்டம் கிடையாது. முன்விளிம்புத் திறப்புகள் வழியே புகும் காற்றே அதற்கு வடிவம் தருகிறது. மொத்தத்தையும் மடித்து முதுகுப்பையில் போட்டுக்கொண்டு மலையேறிவிடலாம். இது உலகெங்கும் பரவ இந்த எளிமையே பெரிய காரணம்.

1960களில் அமெரிக்காவில் டொமினா ஜால்பெர்ட்டும் டேவிட் பேரிஷும் தனித்தனியே அடித்தளம் இட்டனர். 1978இல் பிரான்ஸின் மியுசி கிராமத்துச் சரிவிலிருந்து பாராசூட் வீரர்கள் ஓடிப் பறந்தனர். விமானச் செலவை மிச்சப்படுத்தத்தான் அந்த முயற்சி. 1989இல் ஆஸ்திரியாவின் கோசனில் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

இந்தியாவில் இமாச்சலத்தின் பீர்-பில்லிங் முதன்மையானது. 2015இல் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. சென்னையின் சமதளத்தில் ஓடிப் பறக்கச் சரிவு ஏது? தமிழ்நாட்டில் இதற்குப் பெயர்பெற்ற இடம் ஏலகிரி. ஆனால் மதிய வெயிலில் மொட்டைமாடிக்கு மேலே பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டு உயர்வதைச் சென்னையிலும் பார்க்கலாம். தரையிலிருந்து எழும் அதே வெப்பக் காற்றில்தான் பாராகிளைடரும் ஏறுகிறது. ஏறும் வேகம் கூடக்கூட, பறப்பவரிடமுள்ள வேரியோமீட்டர் என்னும் கருவி 'பீப் பீப்' என்று விரைந்து ஒலிக்கும்.

இடிமேகம்தான் பெரும் பகை. 2007இல் ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே ஜெர்மன் வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை ஒரு மேகம் 9,946 மீட்டர் உயரத்துக்கு இழுத்துச் சென்றது. உடலெங்கும் பனி உறைய, நினைவிழந்தே நெடுநேரம் பறந்தவர், பின்பு விழித்து உயிரோடு தரையிறங்கினார். அதே புயலில் சிக்கிய சீன வீரர் ஒருவர் இறந்துபோனார்.