சத்தம் போடாத கட்டளைகள்

ஒரே கணினியைப் பல கணினிகளாகப் பாவனை காட்டும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்று பெயர். நேற்று வந்த சமாச்சாரம் இல்லை இது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கும் கேம்பிரிட்ஜில், ஐபிஎம் ஆய்வு மையத்தில் ராபர்ட் க்ரீசி தலைமையில் 1964ல் ஆரம்பித்த வேலை. சிபி-40 என்ற அந்த அமைப்பு 1967 ஜனவரியில் புழக்கத்துக்கு வந்தது. 1972ல் விஎம்/370 வந்தது. புது ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் சோதிக்க ஒரு மெயின்பிரேமையே ஒதுக்க வேண்டாம். உள்ளே ஒன்று கவிழ்ந்தாலும் பக்கத்து 'மெஷினுக்கு'த் தெரியாது.

எப்படி நடக்கிறது இது? காமர்ஸ் படித்தவன் நான், எனக்குப் புரிந்த பாஷையிலேயே சொல்கிறேன். கிளையில் ஒரு கிளார்க் தன் வரம்புக்குள் இருக்கும் வவுச்சரைத் தானே பாஸ் செய்வார். வரம்பு மீறினால் சிஸ்டம் மறுக்கும். ஆபீசர் மேஜைக்கு வரும். இங்கேயும் அதே கதைதான். சாதாரணக் கட்டளைகள் நேராக ப்ராசசரில் ஓடும். இயந்திரத்தின் நிலையையே மாற்றும் கட்டளை வந்தால் ப்ராசசர் மறுத்து, ஹைப்பர்வைசரை எழுப்பும். அது கட்டளையைப் படித்து, ப்ராசசர் செய்திருக்க வேண்டியதைத் தானே செய்து காட்டும். இதுதான் எமுலேஷன்.

ஆனால் வம்பான கட்டளை ஒவ்வொன்றும் மறுக்கப்பட்டு மேலே வர வேண்டுமே! 1974ல் ஜெரால்ட் போபெக்கும் ராபர்ட் கோல்ட்பெர்க்கும் இதைத் தேற்றமாகவே எழுதி வைத்தார்கள்.

இன்டெல்லின் எக்ஸ்86 குடும்பம் இந்தப் பரீட்சையில் ஃபெயில். உதாரணம், பாப்எஃப் என்ற கட்டளை. 'கொஞ்ச நேரம் யாரும் குறுக்கிடாதீர்கள்' என்று ப்ராசசரின் கொடியை மாற்ற இது உதவும். அதிகாரம் இல்லாதவர் கொடுத்தால், கொடி மாறாது, மறுப்பும் வராது. ப்ராசசர் பேசாமல் அடுத்த கட்டளைக்குப் போய்விடும். வரம்பு மீறிய வவுச்சரை வாங்கி டிராயருக்குள் போட்டுவிட்டு, 'ஆச்சு சார்' என்று சொல்வது மாதிரி :-) மேலே வராமல் நழுவும் கட்டளைகள் பென்டியத்தில் 17 இருப்பதாக ஜான் ராபினும் சிந்தியா இர்வைனும் 2000ல் பட்டியல் போட்டார்கள்.

1998ல் தொடங்கிய விஎம்வேர் நிறுவனம், கட்டளைகளை ஓடும்போதே படித்து, வம்பானவற்றை மாற்றி எழுதிச் சமாளித்தது. 2005ல் இன்டெல்லும் 2006ல் ஏஎம்டியும் ப்ராசசரிலேயே வசதி செய்து கொடுத்தன.

அதோடு எமுலேஷன் ஒழிந்ததா? இல்லை. 2007ல் லினக்ஸ் 2.6.20ல் சேர்ந்த கேவிஎம்முக்குள்ளும் ஓர் எமுலேட்டர் உண்டு. நிஜத்தில் இல்லாத நெட்வொர்க் கார்டின் முகவரியில் யாராவது எழுதினால், அந்தக் கட்டளையை அதுதான் பிரித்துப் படித்துச் செய்ய வேண்டும். கூட்டல் விடை சரியாக வந்து, கேரி கொடி மட்டும் தப்பாக நின்றால் போதும். ஆயிரம் கட்டளை தாண்டி வேறெங்கோ எல்லாம் குப்புற விழும். விழுந்த இடத்தில் தேடினால் ஒன்றும் அகப்படாது. மார்ச் மாதம் பேலன்ஸ் ஷீட்டில் இடிக்கும் தொகைக்குக் காரணம், ஜூன் மாத என்ட்ரியாக இருப்பதில்லையா?

பரிகாரமும் நமக்குத் தெரிந்ததுதான்: டேலி பார்ப்பது. ஒரே கட்டளையை நிஜ ப்ராசசரிலும் எமுலேட்டரிலும் ஓட்டி, ரெஜிஸ்டர், கொடி, நினைவகம் எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். 2009ல் இத்தாலிய ஆய்வாளர்கள் இதைத் தானாகவே செய்யும் கருவி ஒன்றை எழுதி, பிரபலமான எமுலேட்டர்களிலேயே பிழைகளைக் கண்டார்கள்.

விடை டேலி ஆனாலும் போதாது. 2010ல் கேவிஎம்மில் ஓர் ஓட்டை வெளிவந்தது. எமுலேட்டர் நினைவகத்தைத் தொடும்போது, கேட்பவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்று பார்க்கவில்லை. உள்ளே ஓடும் சாதாரண நிரல், தன் கெர்னலின் இடத்தில் கைவைக்க வழி கிடைத்தது. நம் பாஷையில் சொன்னால், தொகை சரி. கையெழுத்தைத்தான் யாரும் பார்க்கவில்லை.

மறுத்து நிற்கிற இயந்திரத்தின் மேல்தான் நமக்குக் கோபம் வருகிறது. இந்த வரலாற்றைப் படித்தபின் எனக்குப் பயம் வருவதென்னவோ, மறுக்க வேண்டிய இடத்தில் 'ஆச்சு சார்' என்று சொல்லும் இயந்திரத்தைப் பார்த்துத்தான். கவுன்ட்டரில் உட்கார்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.