வாழையின் வாடல் நோயும் உயிர்ப் பசளையும்

‘வாழையடி வாழை’ என்பது தமிழர் வழங்கும் வாழ்த்து. தாய்மரம் சாயுமுன் குட்டி தலைதூக்கும் இயல்பே அதற்கு அடிப்படையாகும். ஆயின், குட்டி தாயின் வளத்தோடு தாய் நின்ற மண்ணின் நோயையும் உரிமையாகப் பெறுதல் உண்டு. பனாமா நோய் எனப்படும் வாடல் நோய் இதற்குத் தக்க சான்றாகும். அந்நோயோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் வரலாற்றை ஆராயுமிடத்து, மண்ணைப் பற்றிய அரியதோர் உண்மை புலனாகின்றது.

1876ஆம் ஆண்டிலே அவுஸ்திரேலியாவின் குயீன்சுலாந்துப் பகுதியில் யோசேப்பு பாங்கிராப்டு என்பார் இந்நோயை முதன்முதல் எடுத்துரைத்தார். கியூபாவிலிருந்து பெற்ற வாழைத் துண்டினின்று நோய்க் காரணியாகிய பங்கசைப் பிரித்து, 1910இல் அதற்குப் பெயரிட்டவர் எர்வின் சிமித்து. பியூசேரியம் எனும் இப்பங்கசு வேர்வழி புகுந்து, நீர் செல்லும் குழாய்களை அடைக்கின்றது. இலைகள் மஞ்சளித்துத் தொங்க, மரம் வாடி மடிகின்றது. மரம் மடிந்த பின்னும் பங்கசின் உறங்கு வித்திகள் மண்ணிற் பல்லாண்டுகள் உயிரோடிருக்கும்.

மத்திய அமெரிக்காவின் ஏற்றுமதித் தோட்டங்கள் அக்காலத்திற் ‘குரோ மிசேல்’ என்னும் ஒரே இனத்தை நம்பி நின்றன. நோய் பரவவே, கம்பனிகள் பழைய நிலங்களைக் கைவிட்டுப் புதிய காடுகளை அழித்தன. எனினும் எல்லா நிலமும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. சில மண்களிற் சில ஆண்டுகளிலேயே தோட்டம் அழிந்தது. வேறு சிலவற்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழை செழித்தது. ரெயின்கிங், மான்சு எனும் அறிஞர் 1933இல் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து வெளியிட்டனர். நீண்ட வாழ்வளிக்கும் மண்களின் களித்தன்மையை 1963இல் சுதொட்சுகியும் மார்ட்டினும் சுட்டிக்காட்டினர். அத்தகைய களிமண்ணிற் பற்றீரியாக்கள் விரைந்து பெருகிப் பங்கசின் வளர்ச்சியைத் தடுப்பன என்ற விளக்கமும் எழுந்தது.

மண்ணே காவல் செய்யும் என்னும் குறிப்பு இவ்வாறு கிடைத்தும், நடைமுறை வேறு வழியிற் சென்றது. 1940களில் ஹொண்டுராசு நாட்டிலே நோயுற்ற நிலங்களுக்குக் கரை கட்டி, மாதக்கணக்கில் நீரில் ஆழ்த்தினர். பங்கசு பெரும்பாலும் அழிந்தது. ஆயினும் மீண்டும் வாழை நட்ட சில ஆண்டுகளில் நோயும் மீண்டது. பகையோடு காவலரும் மடிந்த மண்ணில், எஞ்சிய பகை எளிதிற் குடிகொண்டது போலும்! 1960களிற் குரோ மிசேல் ஏற்றுமதியினின்று மறைய, நோயைத் தாங்கும் கவெண்டிசு இனம் அதன் இடத்தைப் பெற்றது.

அந்த வெற்றியும் நிலைக்கவில்லை. 1967இல் தாய்வானிற் கவெண்டிசையும் தாக்கும் நோய் காணப்பட்டது. ‘நான்காம் வகை’ எனப்படும் அப்பங்கசு 2019இற் கொலம்பியாவிலும் 2021இற் பெருவிலும் உறுதிசெய்யப்பட்டது.

இந்நிலையிலேதான் உயிர்ப் பசளை சிறப்புப் பெறுகின்றது. சீனத்தின் நாஞ்சிங் வேளாண்மைப் பல்கலைக்கழக அறிஞர் 2010களில், மக்கிய கூட்டெருவிலே பசிலசு எனும் பற்றீரியாவைப் பெருக்கி, வாழைக்கு இட்டு ஆராய்ந்தனர். இரசாயனப் பசளை இட்ட நிலத்தினும் இவ்வெரு இட்ட நிலத்தில் நோய் குறைந்தது. கூட்டெரு பற்றீரியாவுக்கு உணவாகின்றது. பற்றீரியா வேரைச் சூழ்ந்து வாழ்ந்து, பங்கசுக்கு ஒவ்வாத பொருள்களைச் சுரக்கின்றது. மண்ணின் ஏனைய நுண்ணுயிர்க் கூட்டமும் மாறுதலடைகின்றது. இயற்கை சில மண்களுக்கு அளித்த காவலை ஏனைய மண்களுக்கும் அளிக்க முயல்வதே இம்முறை எனலாம்.

உயிர்ப் பசளை நோயைக் குறைக்குமேயன்றி வேரோடு களையாது. நோயற்ற குட்டிகளைத் தேர்தலும், நோயுற்ற நிலத்து மண் கால்களிலும் கருவிகளிலும் ஒட்டிப் பரவாது காத்தலும் இன்றியமையாதன. கோழிக்கூட்டு வாழை இந்நோய்க்கு இரையாகும் நம் நாட்டிலும் இவ்வறிவு வேண்டற்பாலது. மண் வெறும் சடப்பொருளன்று. எண்ணிறந்த உயிர்களின் உறைவிடம். அவ்வுயிர்களைப் பேணுவோன் தோட்டத்திலேயே வாழையடி வாழை என்னும் வாழ்த்து மெய்யாகும்.