சங்கிலியில் தொங்கிய மார்புக்கூடு

1536ஆம் ஆண்டு. இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் லூவன் நகர மதிலுக்கு வெளியே, மரண தண்டனை பெற்றவர்களின் உடல்களை வழிப்போக்கர்கள் பார்க்கட்டும் என்று விட்டுவைக்கும் இடம். ஆண்ட்ரியாஸ் வெசாலியஸ் என்ற 21 வயது மருத்துவ மாணவர், நண்பர் ஜெம்மா ஃபிரிசியஸுடன் எலும்பு தேடி அங்கே போகிறார். கம்பத்தில் ஒரு திருடனின் உடல். சதையைப் பறவைகள் தின்று முடித்துவிட்டன. மூட்டுநார்கள்தான் எலும்புகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. கையும் காலும் இழுத்ததுமே வந்துவிட்டன. மார்புக்கூடு மட்டும் வரவில்லை. உயரத்தில் அதைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். அன்று மாலை நகரக் கதவுகளை அடைத்தபோது வெசாலியஸ் வேண்டுமென்றே வெளியே தங்கிவிட்டார். நடுராத்திரியில், பிணங்களுக்கு நடுவே தனியாகக் கம்பத்தில் ஏறி அதை எடுத்தார். பிறகு எல்லாவற்றையும் கோத்து முழு எலும்புக்கூடாக்கி, கேட்டவர்களிடம் பாரிஸிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டார். அவரே பிற்காலத்தில் எழுதிவைத்த கதை இது.

இந்த ஆசாமிக்கு மார்புக்கூடு ஏன் அவ்வளவு முக்கியம்? எலும்புக்கூட்டிலேயே கோப்பதற்குக் கடினமான பகுதி அதுதான். 12 ஜோடி விலாக்கள். அநேகமாக ஒவ்வொன்றும் முதுகெலும்பை இரண்டு இடத்தில் தொடுகிறது. விலாவின் தலை, அடுத்தடுத்த இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் போய் உட்காரும். சற்றுத் தள்ளி இருக்கும் சின்னப் புடைப்பு, முள்ளெலும்பின் பக்கவாட்டு நீட்சியில் சாய்ந்துகொள்ளும். இந்த இரண்டு புள்ளிகளும் கதவுக்குக் கீல் மாதிரி. நாம் மூச்சை இழுக்கும்போது, கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடியைத் தூக்குவதுபோல் பக்கவாட்டில் உயர்வது இந்தக் கீலில்தான். கடைசி இரண்டு ஜோடிகளுக்கு அந்தப் புடைப்பு மூட்டே கிடையாது. அவை முன்பக்கம் மார்பெலும்பையும் எட்டுவதில்லை. மேலே உள்ள ஏழு ஜோடிகள் மட்டுமே குருத்தெலும்பு வழியாக நேராக மார்பெலும்பில் வந்து சேர்கின்றன.

அந்த ஏழில்தான் வம்பு. இரண்டாம் நூற்றாண்டின் கேலன், மார்பெலும்பும் ஏழு துண்டுகள் என்று எழுதியிருந்தார். ஏழு விலாவுக்கு ஏழு துண்டு. கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! ஆனால் அவர் அறுத்துப் பார்த்தது பெரும்பாலும் குரங்குகளையும் பன்றிகளையும்தான். வளர்ந்த மனிதனிடம் இருப்பது மூன்று பகுதிகள்.

என்னை உறுத்துவது வேறு ஒன்று. வெசாலியஸ் 1538இல் ஆறு உடற்கூற்றுப் படங்களை வெளியிட்டார். அவற்றில் மார்பெலும்பு ஏழு துண்டாகவே இருக்கிறது. உயிரைப் பணயம் வைத்துக் கம்பத்திலிருந்து இறக்கி, தன் கையாலேயே கோத்தவர், இரண்டு வருடம் கழித்துக் கேலன் சொன்னதையே வரைகிறார். கண்ணால் பார்த்தால் போதும், உண்மை தெரிந்துவிடும் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். 1,300 வருடத்துப் புத்தகம் அவர் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது.

1540இல் போலோனாவில் ஒரு மனித எலும்புக்கூட்டையும் ஒரு குரங்கு எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். இடுப்பு முள்ளெலும்புகளில் இருப்பதாகக் கேலன் சொன்ன ஒரு சிறிய நீட்சி, குரங்கில் இருந்தது, மனிதனில் இல்லை. கிழவர் எதைப் பார்த்து எழுதினார் என்பது அப்போது பிடிபட்டது. இரண்டையும் ஒப்பிட வைத்ததுதான் திருப்பம் என்று நினைக்கிறேன். பிணத்தைத் திருடியது அல்ல.

1543இல் பாசலில் அச்சான அவருடைய பெரிய புத்தகத்தில் மார்பெலும்பு மூன்றாகிவிட்டது. விலா பற்றிய இன்னொரு நம்பிக்கையையும் அதில் தொட்டார். ஆதாமின் விலாவிலிருந்து ஏவாள் வந்ததால் ஆண்களுக்கு ஒரு விலா குறைவு என்ற பேச்சு அது. எனக்கு அது பழக்கமான பேச்சுதான். எங்கள் ஊர் ஞாயிறு வகுப்பில் ஒரு அக்கா, "ஆம்பளைப் பசங்களுக்கு ஒண்ணு கம்மிடா, வேணும்னா எண்ணிப் பாருங்க" என்பார். எண்ணிப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. முதல் விலா காறை எலும்புக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். பன்னிரண்டாவது தசைக்குள் புதைந்திருக்கும். நடுவில் கூச்சம் வேறு. வெசாலியஸ் இதை வேதத்தோடு சண்டையாக ஆக்கவில்லை. ஆதாமுக்கே ஒன்று குறைந்திருந்தாலும் பிள்ளைகளுக்கு ஏன் குறைய வேண்டும் என்று கேட்டார். கை வெட்டுப்பட்டவனுக்குக் கையில்லாத பிள்ளையா பிறக்கிறது? (சிலருக்குக் கழுத்தில் கூடுதலாக ஒரு விலா இருப்பதுண்டு. அது ஆண் பெண் இருவரிடமும் வரும்.)

பாரிஸில் அவருக்குப் பாடம் சொன்ன சில்வியஸ் கொதித்துப்போனார். 1551இல் மறுப்பு நூலே எழுதினார். தலைப்பில் மாணவரின் பெயரைத் திரித்து 'பைத்தியக்காரன்' என்று பொருள்படும் சொல்லை வைத்தார். கேலன் தப்பு செய்யவில்லை, கேலன் காலத்துக்குப் பிறகு மனித உடல்தான் மாறிவிட்டது என்பது அவர் கட்சி. புத்தகத்தைக் காப்பாற்ற உடம்பையே குற்றவாளியாக்கிய வாதம் அது. சிரிக்கத் தோன்றுகிறது, ஆனால் 1538இன் படம் ஞாபகத்துக்கு வந்தால் சிரிப்பு அடங்கிவிடும்.

புத்தகம் அச்சேறிக்கொண்டிருந்த 1543 மே மாதம், பாசலில் யாகோப் காரர் என்பவரின் தலையை வெட்டினார்கள். மனைவியைத் தாக்கிய குற்றம். வெசாலியஸ் அவர் உடலைப் பலர் முன்னிலையில் அறுத்துக் காட்டி, எலும்புகளைக் கோத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இந்த முறை ராத்திரியில் மதிலுக்கு வெளியே காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நகரமே உடலைக் கொடுத்தது. காரரின் எலும்புக்கூடு இன்றும் பாசல் உடற்கூற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.