கருமந்தியின் குரல்

செட்டிநாட்டில் வளர்ந்தவர்களுக்குக் குரங்கு என்றால் கோயில் மதில்மேல் உட்கார்ந்து தேங்காய் மூடிக்குக் காத்திருக்கும் பிராணிதான். அந்தச் சீமையிலுள்ள பிரான்மலையைப் பாரியின் பறம்பு என்பார்கள். பாரியின் தோழர் கபிலர் குறிஞ்சி பாடுவதில் வல்லவர். குறிஞ்சி என்றால் மலை. மலை என்றால் மந்தியும் கடுவனும் இல்லாமலா?

நம் முன்னோர் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கிவிடவில்லை. குரங்கு, முசு, ஊகம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். ஊகம் என்றால் கருங்குரங்கு என்று பொருள் கொள்வது வழக்கம்.

கருங்குரங்கைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலைக்குத்தான் போகவேண்டும். குடகிலிருந்து குமரி வரை, நீலகிரி, ஆனைமலை, பழனிமலை, களக்காட்டுச் சோலைகளில் அது வாழ்கிறது. மலைவாசிகள் கருமந்தி என்பார்கள். பளபளக்கும் கரிய உடல். தலையில் மட்டும் பொன்னும் பழுப்பும் கலந்த மயிர். இலையே அதற்குப் பிரதான ஆகாரம். அதைச் செரிக்கப் பல அறைகள் கொண்ட இரைப்பை அமைந்திருக்கிறது. விடியற்காலையில் கடுவன் எழுப்பும் 'ஹூ, ஹூ' என்ற முழக்கம் பள்ளத்தாக்கையே நிரப்பும். 'இது எங்கள் எல்லை' என்று பக்கத்துக் கூட்டத்துக்கு விடும் அறிவிப்பு அது. தென்னமெரிக்க மழைக்காட்டின் ஊளைக்குரங்குகளும் இப்படித்தான் பொழுதை விடியவைக்கின்றன.

1829இல் இந்த இனத்துக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, தரங்கம்பாடியில் ஊழியம் செய்து 1813இல் காலமான ஜான் பாதிரியாரின் பெயரை அதில் சேர்த்தார்கள். மேனாட்டார் பெயர் வைத்தார்கள். நாம் என்ன செய்தோம்? லேகியம் கிண்டினோம்!

மலை மூலிகைகளைத் தின்னும் பிராணியாயிற்றே, அதன் மாமிசமும் மூலிகைதான் என்று நம்பினார்கள். இளைப்பு நோய்க்கு என்றும், உடல் வலுவுக்கு என்றும் 'கருங்குரங்கு லேகியம்' ஊர் ஊராக விற்பனையாயிற்று. எல்லை காக்க எழுப்பிய குரலே வேட்டைக்காரனுக்கு வழி காட்டியது. பெயரை இலக்கணத்தில் பத்திரப்படுத்திவிட்டு, உடலைச் சீசாவில் அடைத்துவிட்டோம்.

மற்றொரு பக்கம், சென்ற நூற்றாண்டிலும் அதற்கு முந்தின நூற்றாண்டிலும் காப்பியும் தேயிலையும் சோலைகளைத் துண்டுதுண்டாக்கின. கிளைவிட்டுக் கிளை தாவி வாழும் பிராணிக்கு மரத்தொடர் அறுந்தால் வழி அறுந்தது என்றே அர்த்தம்.

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. துப்பாக்கியைச் சட்டம் தடுக்கலாம். ஆனால் அறுந்த சோலையை மறுபடி இணைக்க மரம்தான் வளரவேண்டும். அதுவரை, மிஞ்சியிருக்கும் காட்டையாவது வெட்டாமல் விடுவோமா? மரபியலில் இருக்கும் ஒரு சொல்லுக்கு உயிருள்ள பொருள் தொடர்ந்து இருக்குமா என்பது அதைப் பொறுத்தது.