பொசாடாவின் எலும்புக்கூடுகள்: மெக்சிக்கோவின் இறந்தோர் நினைவுக் கலை பற்றிய ஒரு நோக்கு

ஆண்டுதோறும் நவம்பர் முதலிரு தினங்களில் மெக்சிக்க மக்கள் தம் இறந்தோரை வீட்டிற்கு வரவேற்கின்றனர். முதல் நாள் குழந்தைகளுக்கும் மறுநாள் வளர்ந்தோருக்கும் உரியதாகும். ஓப்ரெண்டா எனப்படும் படையற் பீடத்தில் மறைந்தவரின் நிழற்படம், மெழுகுதிரி, நீர், உப்பு, அவர் விரும்பியுண்ட உணவு என்பன வைக்கப்படுகின்றன. செம்பாசூச்சில் என்னும் மஞ்சட் பூவும், கோப்பால் பிசினின் புகையும், சீனியாற் செய்த மண்டையோடும், இறந்தோர் பாணும் அப்பீடத்தில் இன்றியமையாதவை.

இவ்வழக்கு அஸ்தெக் காலத்திலிருந்து மாறாது வந்ததெனக் கூறுவோர் பலர். இறந்த சிறாருக்கும் வளர்ந்தோருக்கும் அம்மக்கள் தனித்தனி விழாக்கள் எடுத்தனர் என்பதை 16ஆம் நூற்றாண்டுத் துறவியான தியேகோ துரான் பதிவு செய்துள்ளார். கத்தோலிக்கத் திருநாட்களின் போர்வையிற் பழைய சடங்குகள் தொடர்கின்றனவோ என்ற ஐயமும் அவருக்கிருந்தது. ஆயினும் படையற் பீடமே ஒரு வரலாற்றாவணம் என்பதை மறத்தலாகாது. பூவும் பிசினும் அம்மண்ணுக்குரியவை; பாணுக்கான கோதுமையும் சீனிக்கான கரும்பும் 1521இல் அஸ்தெக் தலைநகரை வீழ்த்திய ஸ்பானியருடன் வந்தவை. இரண்டிலொன்றை அகற்றிவிட்டுத் தூய மரபொன்றைத் தேடுவது வீண் முயற்சியே.

இம்மரபிற்கு இன்று உலகறிந்த முகத்தைத் தந்தவர் ஹோசே குவாதலூப்பே பொசாடா. 1852இல் அகுவாஸ்கலியெந்தெஸ் நகரிற் பிறந்த இவர், 1888இல் லியோன் நகரைப் பெருவெள்ளம் அழித்தபின் மெக்சிக்கோ நகரை அடைந்தார். அங்கே அந்தோனியோ வனேகாஸ் அர்ரோயோவின் அச்சகத்திற்காக எழுத்துலோகத்திலும் நாகத் தகட்டிலும் ஆயிரக்கணக்கான படங்களைச் செதுக்கினார். சில சதங்களுக்குத் தெருவில் விற்கப்பட்ட துண்டுத் தாள்களே அவரது கலைக்கூடம். இறந்தோர் நாளை ஒட்டி, உயிரோடிருப்போரையே இறந்தவராகப் பாவித்து எள்ளி நகையாடும் 'கலவேரா' பாடல்கள் அத்தாள்களில் வெளியாயின. பொசாடாவின் படங்களிலோ அரசியல்வாதியும் குடிகாரனும் சீமாட்டியும் சந்தைக்காரியும் எலும்புக்கூடுகளாய் ஒரே நிரையில் நின்றனர். பொர்பீரியோ தியாஸின் நீண்ட சர்வாதிகார ஆட்சியில், வாழ்வில் மறுக்கப்பட்ட சமத்துவத்தை மரணத்திலேனும் கண்டு மக்கள் சிரித்தனர் எனலாம்.

அவற்றுட் புகழ்பெற்றது, இறகும் பூவும் சூடிய பெருந்தொப்பியணிந்த பெண் மண்டையோடு. தம் பூர்வகுடிப் பிறப்பை மறைத்து ஐரோப்பியப் பாணியைப் போர்த்திக்கொண்ட பெண்களை நோக்கிய ஏளனம் அது. (ஆடையின்றித் தொப்பி மட்டும் எஞ்சியிருப்பதே கூர்மையான கேலி.) 1913 ஜனவரியிற் பொசாடா மறைந்த பின்னரே அப்படம் அச்சில் வெளிவந்தது. வறுமையில் இறந்த அவர் இலவசக் குழியொன்றிற் புதைக்கப்பட்டார். ஏழாண்டுகளின் பின், உரிமை கோருவார் எவருமின்மையால், அவரது எலும்புகள் பொதுக்குழியிற் சேர்க்கப்பட்டன. இறந்தோரை நினைக்கும் ஒரு நாட்டிற்கு உருவம் கொடுத்தவனுக்கு மலர் வைக்க ஒரு கல்லறை இல்லை.

1920களில் ஓவியர் ஜோன் ஷார்லோ அவரை மீளக் கண்டறிந்தார். 1947இல் தியேகோ ரிவேரா தம் அலமேதாப் பூங்கா சுவரோவியத்தில் அம்மண்டையோட்டிற்கு முழுவுடலும் ஆடையும் அளித்தார். 'கத்ரீனா' என்னும் பெயரும் அதனூடாகவே நிலைத்தது. அவளது கழுத்தில் ரிவேரா சுற்றியது பழங்குடித் தெய்வமான இறகுப் பாம்பு. இவ்வொரு மாற்றத்தால், தன் பூர்வீகத்தை மறைத்தவள் பூர்வீகத்தின் சின்னமாகினாள். புரட்சிக்குப் பிந்திய தேசியவாதத்திற்கு அவள் தேவைப்பட்டாள். பொசாடாவின் ஏளனம் மழுங்கியது.

ஏளனத்தின் பின் வாணிபம் வந்தது. 2008இல் யுனெஸ்கோ இவ்விழாவை மானிட குலத்தின் மரபுரிமையாகப் பட்டியலிட்டது. 2013இல் அமெரிக்காவின் டிஸ்னி நிறுவனம் 'இறந்தோர் நாள்' என்ற பெயரையே வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பித்து, எதிர்ப்புக்கு அஞ்சிப் பின்வாங்கியது. மெக்சிக்கோ நகரில் முன்னெப்போதும் நிகழ்ந்திராத ஒரு பேரணியை 2015இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் திரைப்படம் கற்பனையாகக் காட்டிற்று. மறு ஆண்டு அந்நகரின் வீதிகளில் அப்பேரணி உண்மையாகவே நடத்தப்பட்டது. பிரமாண்டமான எலும்புக்கூடுகள் அதிற் பவனி வந்தன.