பல்லைப் பிடுங்கினால் நோய் போகுமா?

இந்த எபிசோட் கொஞ்சம் சொந்தக் கதை. 2021 மே மாசம் எங்க தாத்தா கோவிட்ல போயிட்டார். அவருக்குப் பல வருஷமா ஈறுல ரத்தம் கசியும். உப்புத்தண்ணியில கொப்பளிப்பார், அவ்வளவுதான் வைத்தியம்.

அதே வருஷம் வெளிவந்த ஒரு கத்தார் ஆய்வைப் பின்னாடி படிச்சேன். மொத்தம் 568 கோவிட் நோயாளிகள். ஈறு நோய் முத்தினவங்கள்ல ஐசியூ, வென்டிலேட்டர், மரணம் மூணுமே அதிகமா இருந்துச்சு. "அப்போ தாத்தாவுக்கும் இதுதானா?"ன்னு மனசு உடனே முடிச்சுப் போட்டுடுச்சு.

இப்படி முடிச்சுப் போட்டவங்க வரலாற்றுல நிறைய பேர். 1900-ல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், பல நோய்களுக்கு மூலம் வாயில் இருக்கும் சீழ்தான் என்று எழுதினார். 1910-ல் மான்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் அதையே உரையாகவும் பேசினார். அந்தக் கருத்து அமெரிக்காவில் காட்டுத்தீ மாதிரி பரவுச்சு. மூட்டுவலியா? பல்லைப் பிடுங்கு. நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன், மனநோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். குணமாகலன்னா டான்சில், அதுக்கப்புறம் பெருங்குடல். அறுவை சிகிச்சையிலேயே பலர் இறந்துபோனாங்க.

லாக்ல ரெண்டு எரர் சேர்ந்து வந்தா, ஒண்ணுதான் இன்னொண்ணை உண்டாக்குச்சுன்னு அர்த்தமில்லை. மூணாவதா ஒரு பக் ரெண்டையும் கிளப்பியிருக்கலாம். ஆனா 1938-ல்தான் ரஸ்ஸல் சிசில் என்ற மருத்துவர், 200 முடக்குவாத நோயாளிகளைப் பரிசீலித்து, பல் பிடுங்கியதால் பலன் இல்லை என்று சொன்னார். கோட்பாடு மெல்லச் சரிஞ்சது.

அப்போ வாய்க்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கு. 1918 ஃப்ளூவில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கடைசியில் கொன்றது, வைரஸுக்குப் பின்னால் வந்த பாக்டீரியா நிமோனியா. வாயில் இருக்கும் பாக்டீரியாவும் தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இதைச் சோதனையாவே செஞ்சு பார்த்தாங்க. 2002-ல் முடிவு வந்தது: ரெண்டு வருஷத்தில், வாயைச் சுத்தமா பராமரிச்சவங்களில் 11% பேருக்கு நிமோனியா, மத்தவங்களில் 19%. அங்கே வைத்தியம் பல்லைப் பிடுங்குறது இல்லை, தேய்ச்சுச் சுத்தம் பண்ணி விடுறதுதான்.

கத்தார் ஆய்வு இந்த மாதிரி சோதனை இல்லை. சர்க்கரை, புகைப்பழக்கம் எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்கிட்டாலும், அது காட்டுறது தொடர்பை மட்டும்தான். எங்க தாத்தாவுக்கு இருபது வருஷமா சர்க்கரை. சர்க்கரை ஈறையும் கெடுக்கும், கோவிட்டையும் மோசமாக்கும். எது அவரைக் கொண்டுபோச்சுன்னு என்னால சொல்ல முடியாது.

பல்லைப் பிடுங்கணும்னா பலமான ஆதாரம் வேணும். தேய்க்கிறதுக்கு இவ்வளவு ஆதாரமே போதும். இப்போ ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் பாட்டிக்குப் பல் தேய்ச்சு விடுறது என் வேலை. "தாத்தாவுக்கு இதைச் செய்ய ஆளில்லாம போச்சேடா"ன்னு பாட்டி ஒரு தடவை சொன்னாங்க. நான் பதில் சொல்லலை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.