இறுக்கமும் நேரமும்: குருதி நிறுத்தும் டூர்னிக்கெட்டின் வரலாற்று வளர்ச்சி

முன்னுரை

தொடையிலுள்ள பெருந்தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம். வளர்ந்த மனிதரின் உடலில் இருப்பதே ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதிதான். ஆம்புலன்ஸ் வரும்வரை அது காத்திருக்காது. அந்த நிமிடங்களில் உயிரைப் பிடித்துவைக்கும் கருவி மிக எளியது: கை அல்லது காலைச் சுற்றி ஒரு பட்டை, அதை முறுக்கி இறுக்க ஒரு குச்சி. மருத்துவ உலகம் இதை டூர்னிக்கெட் என்கிறது.

இத்தனை எளிய கருவியை மருத்துவர்கள் ஒரு காலத்தில் கொண்டாடினார்கள். பிறகு அஞ்சி ஒதுக்கினார்கள். 21ஆம் நூற்றாண்டில் மீண்டும் கையில் எடுத்தார்கள். இந்த ஏற்ற இறக்கத்துக்குக் காரணம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எவ்வளவு இறுக்க வேண்டும், எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்ற இரண்டுக்கும் தெளிவான விடை இல்லாத காலங்களில், மனிதரின் பிழைகளுக்குக் கருவி பழி சுமந்தது. விடைகள் அளவீட்டால் துலங்கியபோது பழி நீங்கியது. இக்கட்டுரை நிறுவ முயல்வது இதைத்தான்.

1. கட்டும் வழக்கத்தின் தொடக்கம்

உறுப்பைக் கட்டும் பழக்கம் மிகத் தொன்மையானது. சுசுருத சம்ஹிதையின் கல்பஸ்தானம், பாம்பு கடித்த இடத்துக்கு நான்கு விரற்கடை மேலே துணியாலோ தோலாலோ மரப்பட்டை நாராலோ கட்டச் சொல்கிறது. அங்கே நோக்கம் நஞ்சு ஏறாமல் தடுப்பது, குருதிப்போக்கை நிறுத்துவதன்று. இந்த வேறுபாடு இன்றைய வாசகருக்கும் முக்கியம் என்பதால் இறுதியில் இதற்குத் திரும்புவோம்.

குருதியை நிறுத்தும் கட்டு அறுவை மருத்துவத்தில் உறுதியாக இடம்பெறத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில். பிரெஞ்சு இராணுவ அறுவையர் ஆம்புரோஸ் பாரே, உறுப்பு நீக்கத்துக்குப் பின் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் வழக்கத்துக்கு மாற்றாக, குருதிக்குழாயின் முனையை நூலால் கட்டும் முறையை 1552இல் தாம்வில்லேர் முற்றுகையின்போது கையாண்டார். வெட்டும் இடத்துக்கு மேலே இறுக்கமான பட்டை ஒன்றையும் கட்டச் சொன்னார். அதற்கு அவர் மூன்று பயன்கள் கண்டார்: தோலையும் தசையையும் மேலே பிடித்துவைக்கும், குருதிப்போக்கைக் குறைக்கும், உணர்வை மரக்கச் செய்யும். மயக்க மருந்து இல்லாத காலத்தில் மூன்றாவது பயன் சிறியதன்று.

ஆனால் பாரேயின் பட்டையைக் கை வலிமையால்தான் இறுக்க வேண்டும். கை எவ்வளவு இழுத்தாலும், தொடைத் தசையின் ஆழத்தில் ஓடும் தமனியை நசுக்க அது பல வேளைகளில் போதாது.

2. ஹார்வியின் கட்டும் மொரேலின் குச்சியும்

எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற கேள்விக்கான அறிவியல் விடை, குருதியை நிறுத்தும் நோக்கமே இல்லாத ஓர் ஆய்விலிருந்து வந்தது. வில்லியம் ஹார்வி 1628இல் வெளியிட்ட நூலில், குருதி உடலைச் சுற்றி வருகிறது என்பதை மெய்ப்பிக்கக் கையில் கட்டுப் போட்டுக் காட்டினார். சிரைகள் புடைத்துத் தெரியும் ஒல்லியான ஒருவரின் மேற்கையை மிக இறுக்கிக் கட்டினால், கட்டுக்குக் கீழே நாடித் துடிப்பு நின்றுவிடும். கட்டைச் சற்றுத் தளர்த்தினால் துடிப்பு திரும்பும். உடனே கையில் குருதி நிறைந்து சிரைகள் வீங்கும். ஆழத்தில் உள்ள தமனி வழியே குருதி உள்ளே வருகிறது. மேலாக ஓடும் சிரை அடைபட்டிருப்பதால் அது திரும்பிப் போக வழியில்லை.

இந்தத் தளர்ந்த கட்டை நாம் எல்லோரும் அறிவோம். இரத்தப் பரிசோதனைக்குப் போனால் மேற்கையில் ஒரு ரப்பர் பட்டையைக் கட்டுவார்கள். முழங்கை மடிப்பில் சிரை புடைத்து எழும். ஊசி நுழைந்ததும் குழாயில் குருதி விறுவிறுவென ஏறும். விபத்தில் அறுந்த கைக்கு மேலே அரைகுறை இறுக்கத்தில் கட்டப்படும் கயிறும் இதே வேலையைத்தான் செய்கிறது. சிரையை மட்டும் அடைத்துவிட்டுத் தமனியைத் திறந்தே விடுவதால் குருதிப்போக்கு கூடும். ஆக, அரைகுறைக் கட்டு கட்டாமல் விடுவதைவிடத் தீயது. டூர்னிக்கெட் வரலாறு முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

கையால் எட்ட முடியாத இறுக்கத்தை ஒரு குச்சி தந்தது. 1674இல் பெசான்சோன் முற்றுகையில் மொரேல் என்ற பிரெஞ்சு அறுவையர், கட்டிய பட்டைக்குள் குச்சியைச் செருகி முறுக்கும் முறையைப் பயன்படுத்தினார். பாரம் ஏற்றிய வண்டியில் கயிற்றுக்குள் கம்பு நுழைத்து முறுக்கிக் கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் ஆற்றல் புரியும்: சிறிய சுழற்சி, பெரிய இறுக்கம்.

1718இல் பாரிசின் ஜான் லூயி பெத்தி, குச்சிக்குப் பதிலாகத் திருகாணி வைத்த கருவியை அறிமுகப்படுத்தினார். திருகத் திருகத் தமனியின் மேல் அழுத்தம் ஏறும். கையை எடுத்தாலும் இறுக்கம் அப்படியே நிற்கும். சுழற்றுதல் என்ற பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டூர்னிக்கெட் என்ற பெயரும் நிலைத்தது. சுழற்சியே உயிர்நாடி என்பதைப் பெயரே சொல்கிறது.

3. அறுவை அரங்கமும் பொதுமக்களும்

19ஆம் நூற்றாண்டில் டூர்னிக்கெட் இரு திசைகளில் வளர்ந்தது. அறுவை அரங்கில், 1860களில் ஜோசப் லிஸ்டர் உறுப்பை உயர்த்திக் குருதியை வடியவிட்டபின் கட்டினார். 1873இல் ஜெர்மனியின் கீல் நகர அறுவையர் எஸ்மார்க், ரப்பர் பட்டையைக் கீழிருந்து மேலாகச் சுற்றிக் குருதியைப் பிழிந்தகற்றும் முறையை வெளியிட்டார். 1904இல் அமெரிக்க நரம்பு அறுவையர் ஹார்வி குஷிங் காற்றடைத்த பட்டையைக் கொண்டுவந்தார். அதோடு அழுத்தத்தை எண்ணால் அளக்கும் வசதி அரங்குக்கு வந்தது.

இன்னொரு திசை மக்களை நோக்கியது. எஸ்மார்க்கே 1882இல் கீலில் பொதுமக்களுக்கு முதலுதவி கற்பிக்கும் இயக்கத்தைத் தொடங்கினார். கால்சட்டையைத் தாங்கும் தோள்வாரையே தேவைப்படும்போது டூர்னிக்கெட்டாகக் கழற்றிக் கட்டும்படி அவர் வடிவமைத்தார். விபத்து நடக்கும் இடத்தில் மருத்துவர் இருப்பதில்லை. இருப்பவரிடம் கருவியும் பயிற்சியும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அன்றே முளைத்துவிட்டது.

கருவி மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒரு சான்று உண்டு. 1862 ஏப்ரல் 6 அன்று ஷைலோ போர்க்களத்தில் தென்மாநிலப் படைத் தலைவர் ஆல்பர்ட் சிட்னி ஜான்ஸ்டனின் வலது முழங்காலின் பின்புறம் குண்டு பாய்ந்தது. தம் மருத்துவரை அவர் ஏற்கெனவே காயமுற்ற பிறரைக் கவனிக்க அனுப்பியிருந்தார். அவர்களுள் எதிர்ப்படையினரும் இருந்தார்கள். முழங்கால் மடிப்பின் தமனியிலிருந்து வழிந்த குருதி உயரமான காலணிக்குள் நிறைந்ததால் காயத்தின் கடுமை உடனே வெளியே தெரியவில்லை. குதிரையிலிருந்து இறக்கிக் கிடத்தியவர்கள் காயத்தைத் தேடிக்கொண்டிருக்கையிலேயே அவர் இறந்தார். அவரது பைக்குள் ஒரு டூர்னிக்கெட் இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள்.

4. நம்பிக்கை குலைந்த காலம்

1881இல் ஜெர்மன் அறுவையர் ரிச்சர்டு ஃபோல்க்மான், இறுக்கக் கட்டிய கட்டுகளால் குருதி கிடைக்காமல் தசைகள் செயலிழந்து சுருங்குவதை விவரித்தார். முதல் உலகப் போர் அந்த அச்சத்தைப் பெருக்கியது. அகழிகளில் கிடந்த வீரரைத் தூக்குக்கட்டிலில் பின்னே கொண்டுவரப் பல மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் கட்டு கட்டியபடியே இருந்தது. வந்துசேர்ந்தவர்களின் அழுகிய கால்களைக் கண்ட அறுவையர்கள் கருவியையே வெறுத்தார்கள். வேறு வழியே இல்லாதபோது மட்டும் டூர்னிக்கெட் என்ற விதி இப்படித்தான் வேரூன்றியது.

அந்த மருத்துவர்கள் கண்ட சேதம் உண்மை. ஆனால் அவர்கள் கண்டது ஒரு பாதியைத்தான். கட்டு இல்லாததால் களத்திலேயே இறந்தவர்கள் அவர்கள் மேசைக்கு வரவே இல்லை. உயிரோடு வந்து காலை இழந்தவர் கணக்கில் ஏறினார். வழியிலேயே குருதி வடிந்து இறந்தவர் டூர்னிக்கெட் பற்றிய விவாதத்தில் இடம்பெறவில்லை.

கருவியும் குறையுடையதாகவே இருந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்குக் கொடுத்தது கொக்கி வைத்த துணிப்பட்டை. அதில் முறுக்கும் தண்டு கிடையாது. போதிய இறுக்கம் தராத இப்பட்டையை 1945இலேயே உல்ஃப், ஆட்கின்ஸ் என்ற இராணுவ மருத்துவர்கள் குறைகூறினார்கள். இருந்தும் அது பல ஆண்டுகள் வழக்கில் நீடித்தது. வியட்நாம் போரில் களத்திலேயே இறந்த 2,600 பேரை ஆராய்ந்து 1970இல் வெளிவந்த ஆய்வு, அவர்களில் 193 பேர், அதாவது 7.4 விழுக்காட்டினர், கை கால் காயங்களின் குருதிப்போக்கால் இறந்ததைக் காட்டியது. கட்டியிருந்தால் பிழைக்க வாய்ப்பிருந்த மரணங்கள் இவை.

5. அளவீடு தந்த மறுவாழ்வு

திருப்பம் 1996இல் வந்தது. பிராங்க் பட்லரும் உடன் ஆய்வாளர்களும், போர்க்கள மருத்துவத்தை மருத்துவமனை விதிகளிலிருந்து பிரித்துச் சிந்தித்த கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். குண்டு பாயும் இடத்தில் காயத்தை நிதானமாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. எனவே உயிரைக் குடிக்கும் குருதிப்போக்குக்கு அங்கே முதல் மருந்தே டூர்னிக்கெட்தான் என்றார்கள்.

அடுத்த கேள்வி எந்தக் கருவி என்பது. டெக்சாஸில் உள்ள அமெரிக்க இராணுவ அறுவை ஆய்வு நிறுவனம் ஏழு வகைகளைத் தன்னார்வலர்களின் கை கால்களில் கட்டி, கீழே நாடி நிற்கிறதா என்று டாப்ளர் கருவியால் சோதித்தது. 2005இல் வெளியான முடிவின்படி, ஏழில் மூன்றே கையிலும் காலிலும் முழுமையாகக் குருதியை நிறுத்தின. அவற்றுள் ஒன்றான ‘கேட்’ படையினர் ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலப் பட்டை, முறுக்கும் தண்டு, தண்டு அவிழாமல் பிடிக்கும் கவ்வி, நேரம் எழுத ஒரு வெள்ளைத் துண்டு ஆகியவையே அதன் உறுப்புகள். மொரேலின் குச்சி மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் பிளாஸ்டிக்கில் திரும்பி வந்திருந்தது.

பலன் ஈராக் போரின்போது பாக்தாதின் இப்னு சினா மருத்துவமனையில் அளக்கப்பட்டது. ஜான் கிராக் குழுவினர் 2006இல் 232 நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். அவர்களின் 309 உறுப்புகளில் 428 டூர்னிக்கெட்டுகள் கட்டப்பட்டிருந்தன. கட்டு மட்டுமே காரணமாக ஓர் உறுப்பும் இழக்கப்படவில்லை. குருதியிழப்பால் அதிர்ச்சி நிலைக்குப் போகுமுன் கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 10 விழுக்காட்டினரே. கடைசி வழி என்ற பழைய விதியை இந்த இரண்டு எண்கள் தகர்த்தன. கடைசிவரை காத்திருந்து கட்டியதே அத்தனை காலமும் கட்டைத் தோற்கடித்திருந்தது.

2012இல் வெளியான ஈஸ்ட்ரிட்ஜ் ஆய்வின்படி, அமெரிக்கப் படையில் கை கால் குருதிப்போக்கால் நேர்ந்த மரணங்கள் ஆண்டுக்கு 23.3இலிருந்து 3.5 ஆகக் குறைந்தன.

2013 ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டுகள் வெடித்தபோது இந்த அறிவு இன்னும் நகரத் தெருவை எட்டியிருக்கவில்லை. அங்கே கட்டப்பட்ட 27 டூர்னிக்கெட்டுகளும் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு செய்தவை என்று பின்னர் வந்த ஆய்வு கூறுகிறது. 2015 அக்டோபரில் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டாப் த பிளீட்’ இயக்கம் பொதுமக்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. எஸ்மார்க்கின் கனவுக்கு இது தொடர்ச்சி.

6. தெரிவும் பயன்பாடும்: வரலாறு தரும் விதிகள்

இன்றைய விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் மேலே கண்ட அனுபவம் நிற்கிறது.

கருவியில் மூன்றைப் பார்க்க வேண்டும்: அகலமான பட்டை, முறுக்கும் தண்டு அல்லது அதற்கு நிகரான இறுக்கும் அமைப்பு, இறுக்கியதைப் பூட்டும் கவ்வி. மெல்லிய கயிறும் கம்பியும் நரம்பை அறுத்துச் சேதப்படுத்தும். இடுப்பு பெல்ட்டைக் கையால் இழுத்தால் தமனி அடைபடாது. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் போலிகளில் முறுக்கும்போதே தண்டு ஒடிவதுண்டு.

பெரும்பாலான காயங்களுக்கு நேரடியாக அழுத்திப் பிடிப்பதே போதும். குருதி பீய்ச்சி அடித்தால், தரையில் தேங்கினால், துணியை நனைத்துக்கொண்டே இருந்தால், உறுப்பு துண்டானால் டூர்னிக்கெட் வேண்டும். காயத்துக்கு 5 முதல் 7 சென்டிமீட்டர் மேலே, மூட்டின் மேல் படாமல் கட்ட வேண்டும். காயம் எங்கே என்று தெரியாவிட்டால் உறுப்பின் உச்சியில் கட்டலாம். பட்டையில் தொய்வே இல்லாமல் இழுத்த பிறகுதான் தண்டை முறுக்க வேண்டும். குருதி நிற்கும்வரை, கீழே நாடி மறையும்வரை முறுக்க வேண்டும். நிற்காவிட்டால் முதல் கட்டை அவிழ்க்காமல் அதன் அருகே இரண்டாவதைக் கட்ட வேண்டும். கட்டிய நேரத்தை எழுதி வைக்க வேண்டும்.

கட்டு கடுமையாக வலிக்கும். காயமுற்றவர் கதறுவார், தளர்த்தச் சொல்லிக் கெஞ்சுவார். இரக்கப்பட்டுத் தளர்த்தினால் அது ஹார்வி காட்டிய அந்தத் தளர்ந்த கட்டு ஆகிவிடும். இடையிடையே தளர்த்திவிடு என்று பழைய முதலுதவி நூல்கள் சொன்னதும் இதே காரணத்தால் கைவிடப்பட்டது. தொடைக் கவட்டு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் டூர்னிக்கெட் பயன்படாது. முதல் இரண்டு இடங்களில் காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்த வேண்டும், கழுத்தில் நேரடியாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

7. மீண்டும் எழும் நேரக் கேள்வி

இரண்டு மணி நேரத்துக்குள் அறுவையரிடம் சேர்ந்துவிட்டால் கட்டால் வரும் சேதம் அரிது. ஈராக்கில் ஹெலிகாப்டர்கள் விரைவாகக் கொண்டுசேர்த்ததால் அது இயன்றது. 2022 முதல் உக்ரைன் போரில் காயமுற்றோரை வெளியேற்றப் பல மணி நேரம் ஆகிறது; முதல் உலகப் போரின் சிக்கல் திரும்பி வந்திருக்கிறது. இன்றைய விடை கருவியை ஒதுக்குவதன்று. பயிற்சி பெற்றவர் இரண்டு மணி நேரத்துக்குள் காயத்தை மறுபடி ஆராய்ந்து, இயன்றால் அழுத்தக் கட்டுக்கு மாற்றுவார். ஆறு மணி நேரம் கடந்த கட்டைப் பொதுவாக மருத்துவமனைக்கு வெளியே அவிழ்ப்பதில்லை.

முடிவுரை

குச்சி நுழைந்தபோது இறுக்கம் கிடைத்தது; கணக்கெடுத்தபோது நேரத்தின் எல்லை தெரிந்தது. இரண்டும் தெரிந்த பின் ஒரு பட்டை நம்பத்தக்க கருவியானது. நம் நாட்டில் இந்த அறிவு சாலையோரம்வரை செல்ல வேண்டும். விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவரை வழக்கிலிருந்து காக்கும் 134ஏ பிரிவு, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்துவிட்டது. உதவத் தயங்குவதற்கான ஒரு காரணம் இதனால் குறைந்திருக்கிறது. கைக்குப் பயிற்சி வர வேண்டும்.

அதே வேளையில், பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டும் நம் பழைய வழக்கம் மறைய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. கட்டினால் உறுப்பு அழுகக்கூடும். அவிழ்க்கும்போது தேங்கிய நஞ்சு ஒருசேரப் பாயக்கூடும். கடிபட்ட காலை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைவதே வழி. குருதி பீய்ச்சும் காலுக்குத் தயங்காமல் கட்ட வேண்டும். பாம்பு கடித்த காலுக்குக் கட்டவே கூடாது. ஒவ்வொரு வீட்டிலும் இந்த வேறுபாடு தெரிந்திருந்தால் பல உயிர்கள் மிஞ்சும்.